சின்னப் பூச்சி, பெரிய படம்

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஏர்பேட்டில் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். பத்துக் கத்தரிச் செடி. நாலு வெண்டைச் செடி. ஒரு கறிவேப்பிலை மரம். வேலி ஓரம் ஒரு பப்பாளி.

காலை நேரம். அம்மா தோட்டத்துக்குப் போகிறார். கத்தரி இலையைத் திருப்பிப் பார்க்கிறார். இலையின் அடியில் பச்சையாகப் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டிக் கொண்டிருக்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு புழு ஊர்கிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

"ஐயோ, செடியில் பூச்சி விழுந்து போச்சே! மருந்து அடிக்காவிட்டால் ஒரு காய் கூட மிஞ்சாது" என்கிறார் அம்மா. மருந்து டப்பாவை எடுக்கப் போகிறார்.

மகள் ஓடி வருகிறாள். பத்தாம் வகுப்பு படிக்கிறவள். கையில் செல்போன்.

"அம்மா, கொஞ்சம் இரும்மா. அது என்ன பூச்சி என்று முதலில் பார்ப்போம்."

"என்னடி பார்க்கிறது? கறுப்புப் புழு. செடியைத் தின்கிறது. கண்ணுக்கே தெரிகிறதே!"

"கண்ணுக்கு முழுசாகத் தெரியவில்லை அம்மா. படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்போம்."

மகள் சொன்னது சரியா? அந்தக் கறுப்புப் புழு யார்? அதைப் படம் எடுப்பது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏர்பேடு எங்கே இருக்கிறது?

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்திக்குப் போகும் வழியில் இருக்கிறது ஏர்பேடு. முன்பு இது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. அது முதல் ஏர்பேடு திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களே அதிகம். தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு.

சுற்றிலும் நெல், வேர்க்கடலை, கரும்பு, மாமரம். பயிர் இருக்கும் இடத்தில் பூச்சியும் இருக்கும். பூச்சி இல்லாத தோட்டம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

இன்று ஏர்பேட்டில் இரண்டு பெரிய கல்வி நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று ஐ.ஐ.டி. இன்னொன்று இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். இரண்டும் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டவை. அங்கே விலை உயர்ந்த நுண்ணோக்கிகள் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆனால் ஒரு பூச்சியை நன்றாகப் பார்க்க அவ்வளவு பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு சின்னக் கண்ணாடி வில்லை போதும்.

கிட்டே போனால் ஏன் மங்குகிறது?

ஒரு விரலை மூக்குக்கு அருகே கொண்டு வாருங்கள். இன்னும் கிட்டே கொண்டு வாருங்கள். விரல் மங்கலாகத் தெரியும். நம் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் கிட்டே வந்தால் தெளிவாகத் தெரியாது.

நாற்பது வயதுக்கு மேல் இந்த எல்லை தள்ளிப் போகும். புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்போம். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அறிவொளி வகுப்புக்கு வந்த பலருக்கு இது இருந்தது. "எனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று அவர்கள் நினைத்தார்கள். கண்ணாடி போட்டதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. குறை படிப்பில் இல்லை. பார்வையில் இருந்தது.

வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தடவிப் பாருங்கள். ஓரம் மெலிந்து, நடுவில் தடித்து இருக்கும். இதைக் குவி வில்லை என்பார்கள். இது ஒளியை வளைத்து ஓர் இடத்தில் குவிக்கும். பூதக்கண்ணாடியும் குவி வில்லைதான்.

செல்போன் கேமராவுக்கும் கண்ணைப் போல ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான செல்போன்கள் நான்கு விரல் அகலத்துக்கு மேல் கிட்டே போனால் மங்கும். பூச்சியோ அரிசி அளவுதான் இருக்கிறது. தள்ளி நின்று எடுத்தால் படத்தில் ஒரு புள்ளியாகத்தான் விழும். கிட்டே போனால் மங்கும். என்ன செய்வது?

செல்போனுக்கும் ஒரு கண்ணாடி போட வேண்டும்! அவ்வளவுதான்.

செல்போனில் மாட்டும் கிளிப் வில்லை கடைகளில் கிடைக்கிறது. துணி காயப் போடும் கிளிப்பைப் போல இருக்கும். சில நூறு ரூபாய் விலை. அதை மாட்டினால் இரண்டு மூன்று சென்டி மீட்டர் வரை கிட்டே போகலாம். சில புதிய செல்போன்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

கிளிப் வில்லை இல்லையா? பூதக்கண்ணாடியைச் செல்போன் கேமராவின் முன்னால் ஒட்டினாற்போலப் பிடியுங்கள். அதுவும் வேலை செய்யும்.

பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் 'மேக்ரோ லென்ஸ்' என்ற தனி வில்லையை மாட்டுவார்கள். இதன் விலை அதிகம். இதன் சிறப்பு என்ன? கேமராவுக்குள் படம் விழும் ஒரு தகடு இருக்கிறது. சாதாரண வில்லையில் ஒரு சென்டி மீட்டர் பூச்சி அந்தத் தகட்டில் மிகச் சிறியதாக விழும். மேக்ரோ வில்லையில் ஒரு சென்டி மீட்டர் பூச்சி ஒரு சென்டி மீட்டராகவே விழும். பிறகு அதைப் பெரிதாக்கினால் காலில் உள்ள முடி கூடத் தெரியும்.

முந்தி எப்படிப் பார்த்தார்கள்?

கேமரா வருவதற்கு முன்பே மனிதர்கள் பூச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே லீவன்ஹூக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். 1632-ஆம் ஆண்டு பிறந்தவர். அந்தக் காலத்தில் துணி வியாபாரிகள் வில்லையை வைத்து நூலின் தரம் பார்ப்பார்கள். இவர் தானே சின்னச் சின்ன வில்லைகளைத் தேய்த்துச் செய்தார். ஒரு பொருளை 200 மடங்குக்கு மேல் பெரிதாகக் காட்டும் வில்லையும் செய்தார். பூச்சி, குளத்துத் தண்ணீர், பல்லில் இருந்த அழுக்கு என்று எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருப்பதை உலகத்துக்குச் சொன்னார். அவர் கல்லூரியில் படித்தவர் அல்ல. துணி விற்றவர்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற அறிஞர் 1665-ஆம் ஆண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். நுண்ணோக்கியில் பார்த்ததை எல்லாம் கையால் வரைந்து வைத்தார். அதில் தெள்ளுப் பூச்சியின் படம் மிகப் பெரியது. மடித்து வைக்கும் தாளில் அதை அச்சடித்தார்கள். படம் பார்த்தவர்கள் வியந்து போனார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்தது. 1914-ஆம் ஆண்டு தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகம் சென்னையில் வெளிவந்தது. எழுதியவர் ஃபிளெட்சர் என்ற பூச்சி அறிஞர். அப்போது சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தில் பயிருக்குக் கெடுதல் செய்யும் பூச்சிகளின் வண்ணப் படங்கள் இருந்தன.

ஒரு பூச்சியைக் கையால் வரைய நாள் கணக்கில் ஆகும். காளஹஸ்தியில் கலம்காரித் துணி வரைகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு கோடு போடக் கூட எவ்வளவு பொறுமை வேண்டும்! இன்று செல்போன் ஒரு நொடியில் படம் எடுக்கிறது. ஆனால் பொறுமை மட்டும் இன்றும் வேண்டும்.

படம் எடுப்பது எப்படி?

1. விடியற்காலையில் போங்கள்.

பூச்சியின் உடம்புக்குச் சொந்தச் சூடு குறைவு. காற்று குளிர்ந்தால் பூச்சியும் குளிரும். குளிர்ந்த பூச்சி சுறுசுறுப்பாக இருக்காது. காலையில் இலை மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறினால் பறந்து விடும். மழைக் காலத்திலும் அதற்குப் பிறகும் பூச்சிகள் அதிகம் கிடைக்கும்.

2. மெதுவாகக் கிட்டே போங்கள்.

திடீரென்று கையை நீட்டினால் பூச்சி ஓடி விடும். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. நிழல் விழுந்தால் பறவை வந்து விட்டது என்று பயந்து பறக்கும். முதலில் கொஞ்சம் தள்ளி நின்று ஒரு படம். பிறகு ஓர் அடி முன்னால் போய் ஒரு படம். பிறகு இன்னும் கிட்டே. பூச்சி பறந்து போனாலும் ஒரு படமாவது கையில் இருக்கும்.

3. கையை ஆட்டாதீர்கள்.

கிட்டே இருந்து எடுக்கும்போது சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். முழங்கையை இடுப்போடு ஒட்டிக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முழங்காலில் ஊன்றிக் கொள்ளுங்கள். மூச்சை ஒரு நொடி நிறுத்திப் பொத்தானை அழுத்துங்கள். காற்றில் செடி ஆடினால் இன்னொரு கையால் தண்டை மெல்லப் பிடித்துக் கொள்ளலாம்.

4. கண்ணைத் தெளிவாக எடுங்கள்.

கிட்டே இருந்து எடுக்கும் படத்தில் எல்லா இடமும் தெளிவாக விழாது. ஓர் அரிசியின் கனம் அளவுதான் தெளிவாக இருக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் மங்கும். எனவே எது தெளிவாக வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பூச்சியின் கண் தெளிவாக இருந்தால் படம் உயிரோடு இருக்கும். கேமராவை நூல் அளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண் பளிச்சென்று தெரியும்போது அழுத்துங்கள். பூச்சியின் பக்கவாட்டில் இருந்து எடுத்தால் தலை முதல் வால் வரை அதிகம் தெளிவாக விழும்.

5. வெளிச்சத்தைப் பாருங்கள்.

உச்சி வெயிலில் எடுத்தால் படம் ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் கறுத்து இருக்கும். மேகம் மூடிய வெளிச்சம் நல்லது. வெயில் அதிகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை வெயிலுக்கும் செடிக்கும் நடுவில் பிடியுங்கள். வெளிச்சம் மென்மையாக இறங்கும். நிழலான இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்தால் வெளிச்சம் திரும்பி வரும்.

6. பல படங்கள் எடுங்கள்.

மேலிருந்து ஒன்று. பக்கத்திலிருந்து ஒன்று. முகம் தெரிய ஒன்று. பூச்சி உட்கார்ந்திருக்கும் இலையையும் செடியையும் ஒன்று. பத்தில் ஒன்று நன்றாக வந்தாலே போதும்.

எதைச் செய்யக் கூடாது?

சிலர் பூச்சியைக் குளிர் பெட்டியில் வைத்து மரத்துப் போகச் செய்து படம் எடுக்கிறார்கள். சிலர் இறக்கையைப் பிய்க்கிறார்கள். சிலர் கோந்து வைத்து ஒட்டுகிறார்கள். இது தவறு. ஒரு படத்துக்காக ஓர் உயிரை வதைக்கக் கூடாது.

உங்களுக்கும் ஆபத்து வரக் கூடாது. கம்பளிப் பூச்சியைத் தொடாதீர்கள். உடம்பெல்லாம் அரிக்கும். தேன் கூட்டுக்கும் குளவிக் கூட்டுக்கும் அருகே போகாதீர்கள். புதரில் கை வைக்கும் முன் பாம்பு, தேள் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து அடித்த வயலில் அன்று நுழையாதீர்கள்.

படத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் காலை எண்ணுங்கள். பூச்சிக்கு ஆறு கால். தலை, மார்பு, வயிறு என்று உடம்பு மூன்று பாகம். சிலந்திக்கு எட்டுக் கால். சிலந்தி பூச்சி இனம் அல்ல. ஆனால் பூச்சியைப் பிடித்துத் தின்னும். தோட்டத்துக்கு நல்லது.

பிறகு கண்ணைப் பாருங்கள். தும்பியின் கண் ஒரே கண் அல்ல. ஆயிரக்கணக்கான சின்னக் கண்கள் சேர்ந்தது. சில தும்பிகளுக்கு ஒவ்வொரு பக்கமும் 20 ஆயிரத்துக்கு மேல் உண்டு. தேன் கூட்டின் அறைகளைப் போல அடுக்கி இருக்கும்.

வண்ணத்துப் பூச்சியைப் பிடித்தால் விரலில் பொடி ஒட்டும். அது வெறும் பொடி அல்ல. கிட்டே எடுத்த படத்தில் பாருங்கள். வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியது போலச் செதில்கள் தெரியும். வண்ணத்துப் பூச்சியின் நிறம் எல்லாம் அந்தச் செதிலில்தான் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தோட்டத்தில் நண்பன் யார்? பகைவன் யார்?

பொறிவண்டும் எபிலாக்னா வண்டும்

சின்னதாக, உருண்டையாக, முதுகில் புள்ளியோடு ஒரு வண்டு உண்டு. தமிழில் பொறிவண்டு என்பார்கள். ஏர்பேடு பக்கம் தெலுங்கில் 'அட்சிந்தல புருகு' என்பார்கள். அட்சதை போல இருக்கும் பூச்சி என்று பொருள். நல்ல பெயர். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கத்தரி இலையைத் தின்னும் எபிலாக்னா வண்டுக்கும் அங்கே அதே பெயர்தான். நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே பெயர்!

சும்மா பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும். கிட்டே எடுத்த படத்தில் வித்தியாசம் தெரியும்.

பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகு பளபளக்காது. மங்கிய செம்பு நிறம். முதுகு முழுவதும் பூனை முடி போல மெல்லிய முடி இருக்கும். புள்ளிகளும் அதிகம். ஒரு வகைக்கு 28 புள்ளிகள் வரை இருக்கும்.

இரண்டின் குட்டிப் புழுக்களும் வேறு வேறு. பொறிவண்டின் புழு குட்டி முதலை போல நீளமாக இருக்கும். கறுப்பாக இருக்கும். இடையில் மஞ்சளோ வெள்ளையோ தெரியும். வேகமாக ஊரும். எபிலாக்னாவின் புழு மஞ்சளாக இருக்கும். உடம்பு முழுவதும் கிளை விட்ட முள் இருக்கும். மெதுவாக ஊரும்.

இலையும் சாட்சி சொல்லும். எபிலாக்னா இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். இலை சல்லடை போல ஆகிக் காய்ந்து போகும். பொறிவண்டு இலையைத் தொடாது. அது தின்பது அசுவினியை.

அசுவினி என்பது செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி. செடிப் பேன் என்றும் சொல்வார்கள். பெண் அசுவினி ஆண் இல்லாமலேயே குட்டி போடும். அதனால் சில நாளில் ஒன்று நூறாகப் பெருகும். இதற்குக் கடிவாளம் போடுவது யார்? பொறிவண்டுதான். ஒரு பொறிவண்டுப் புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்று விடும்.

இன்னும் சில நண்பர்கள்

இலையில் மெல்லிய நூல் நட்டது போலவும், நுனியில் வெள்ளை மணி வைத்தது போலவும் இருக்கும். பலர் இதைப் பூஞ்சை என்று நினைத்து நசுக்கி விடுகிறார்கள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. முட்டையை ஏன் நூலின் நுனியில் வைக்கிறது? இதன் புழுக்களுக்குப் பசி அதிகம். ஒன்றை ஒன்று தின்னும். முட்டை உயரத்தில் இருந்தால் தப்பிக்கும். இந்தப் புழுவுக்கு 'அசுவினிச் சிங்கம்' என்று பெயர்.

அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பாக, அசையாமல் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். ஒரு குட்டிக் குளவி அந்த அசுவினிக்குள் முட்டை இட்டது. குளவிக் குஞ்சு உள்ளே இருந்து தின்று, வளர்ந்து, முதுகைத் துளைத்து வெளியே போய் விட்டது. உங்கள் தோட்டத்தில் காசு வாங்காமல் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

கத்தரிப் பூவில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ வரும். பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிர வைக்கும். 'உர்' என்று சத்தம் கேட்கும். கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் சின்னத் துளைக்குள் இருக்கிறது. உப்புக் குப்பியை உலுக்கினால் உப்பு விழுவது போல, அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். இந்தத் தேனீ வந்தால் காய் நன்றாகப் பிடிக்கும்.

கறிவேப்பிலை மரத்தில் பறவை எச்சம் போல ஏதாவது தெரிந்தால் கிட்டே பாருங்கள். அது நகரலாம்! வண்ணத்துப் பூச்சியின் இளம் புழு அது. எச்சம் என்று நினைத்துப் பறவை தின்னாமல் போய் விடும். அது இலையைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் நாலு புழுவால் மரம் பட்டுப் போகாது. அதிகமானால் கையால் எடுத்து வேறு செடியில் விடலாம்.

பப்பாளியைக் காப்பாற்றிய குளவி

கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி ஒன்று ஆயிரக்கணக்கான உழவர்களைக் காப்பாற்றிய கதை உண்டு. இது நடந்த கதை.

2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் வெள்ளை வெள்ளையாக மாவு அப்பியது. அது ஒரு புதிய மாவுப் பூச்சி. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, கத்தரி என்று பல பயிர்களிலும் பரவியது. பட்டுப் புழு வளர்ப்பவர்கள் இலை இல்லாமல் தவித்தார்கள். உழவர்கள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். பலன் இல்லை. ஏன்? பூச்சியின் மேல் மெழுகு போல வெள்ளைப் பூச்சு இருந்தது. மருந்து உள்ளே இறங்கவில்லை.

இந்த மாவுப் பூச்சிக்கு அதன் சொந்த ஊர்ப் பக்கத்தில் ஓர் எதிரி உண்டு. மஞ்சள் நிறக் குட்டிக் குளவி. ஒரு மில்லி மீட்டர் கூட நீளம் இல்லை. இந்திய விஞ்ஞானிகள் 2010-ஆம் ஆண்டு அந்தக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டு வந்தார்கள். நல்ல பூச்சிகளுக்கு அது கெடுதல் செய்யாது என்று சோதித்தார்கள். பிறகு வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். குளவி மாவுப் பூச்சியைத் தேடித் தேடி முட்டை இட்டது. சில மாதங்களில் மாவுப் பூச்சி அடங்கியது.

அந்தக் குளவி பரவும் இடத்தில் மருந்து அடித்திருந்தால் என்ன ஆகும்? மாவுப் பூச்சி மெழுகுக்குள் பிழைத்துக் கொள்ளும். குளவிதான் சாகும். பகைவன் யார், நண்பன் யார் என்று தெரியாமல் மருந்து அடித்தால் இதுதான் நடக்கும்.

படத்தை யாரிடம் காட்டுவது?

படம் எடுத்தாயிற்று. ஆனால் பூச்சியின் பெயர் தெரியவில்லை. என்ன செய்வது?

ஊரில் இருக்கும் வேளாண்மை உதவியாளரிடம் காட்டுங்கள். முன்பு பூச்சியைப் பாட்டிலில் போட்டு எடுத்துப் போக வேண்டும். இப்போது படம் போதும். திருப்பதியில் 1961-ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பூச்சி அறிஞர்கள் இருக்கிறார்கள். உழவர்களுக்கான இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. 1800-180-1551 என்ற அந்த எண்ணில் அந்தந்த மாநில மொழியில் பேசலாம்.

செல்போனில் ஐநேச்சுரலிஸ்ட் என்று ஒரு செயலி உண்டு. படத்தை அதில் போட்டால் உலகத்தில் எங்கோ இருக்கும் பூச்சி அறிஞர் பார்த்துப் பெயர் சொல்லலாம். படம் எடுத்த ஊரும் நாளும் அதில் பதிவாகும். எந்தப் பூச்சி எந்த ஊரில் எப்போது வருகிறது என்று அறிய விஞ்ஞானிகளுக்கு இது உதவும். ஏர்பேட்டில் எடுத்த ஒரு படமும் அறிவியலுக்குப் பயன்படும்.

ஒன்றை மறக்காதீர்கள். செல்போன் சொல்லும் பெயர் சில நேரம் தவறாக இருக்கும். மருந்து வாங்கும் முன் தெரிந்தவரிடம் ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்புப் புழு யார்?

மீண்டும் அந்தத் தோட்டத்துக்குப் போவோம்.

மகள் செல்போனில் கிளிப் வில்லையை மாட்டுகிறாள். மண்ணில் முட்டி போட்டு உட்காருகிறாள். முழங்கையை முழங்காலில் ஊன்றிக் கொள்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று படம் எடுக்கிறாள். படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்குகிறாள். அம்மா கண்ணாடி போட்டுக் கொண்டு பார்க்கிறார்.

குட்டி முதலை போல ஒரு புழு. கறுப்பு உடம்பு. ஆறு கால். அதன் வாயில் பச்சையாக ஒன்று துடிக்கிறது.

"அது என்னடி வாயில்?"

"அசுவினி அம்மா. செடியின் சாற்றை உறிஞ்சுவது அதுதான். இந்தக் கறுப்புப் புழு அதைத் தின்கிறது. இது பொறிவண்டின் குட்டி."

"அப்படியா! நான் இதைத்தானே கொல்லப் போனேன்? இத்தனை வருஷமும் இதைத்தானே கொன்றேன்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருந்து டப்பாவை எடுத்துப் பரண் மேல் வைக்கிறார்.

மருந்து அடித்திருந்தால் அன்று அசுவினியும் செத்திருக்கும். பொறிவண்டும் செத்திருக்கும். தப்பிய ஒன்றிரண்டு அசுவினி மறுபடி வேகமாகப் பெருகும். பொறிவண்டு அவ்வளவு வேகமாகத் திரும்பி வராது. தின்ன அசுவினி பெருகிய பிறகுதான் வரும். அதற்குள் மறுபடி மருந்து. மறுபடி செலவு. அந்தக் காயைத்தான் வீட்டில் குழந்தையும் சாப்பிடும்.

எல்லா நேரமும் சும்மா இருக்க வேண்டும் என்பது பொருள் அல்ல. படத்தில் இருப்பது எபிலாக்னா என்றால் அதன் முட்டையையும் புழுவையும் கையால் எடுத்து அழிக்கலாம். அதிகமானால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு. இடித்து இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். காலையில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும்.

எழுத்துத் தெரியாத காலத்தில் பஸ்ஸின் பெயர்ப் பலகை வெறும் கோடாகத் தெரிந்தது. எழுத்துத் தெரிந்த பிறகு அதே கோடு ஊரின் பெயர் ஆனது. பூச்சியும் அப்படித்தான். தெரியாத வரை எல்லாம் 'பூச்சி'. கிட்டே பார்த்துப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தோட்டத்தில் வரும் பூச்சிகளுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள்?
2. பொறிவண்டையும் எபிலாக்னா வண்டையும் எப்படிப் பிரித்து அறிவது?
3. கோயம்புத்தூரில் மாவுப் பூச்சிக்கு மருந்து ஏன் பலன் தரவில்லை?

செய்து பாருங்கள்

ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். ஏழு நாள் தினமும் காலையில் அதன் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பூதக்கண்ணாடியோ செல்போனோ வைத்துக் கொள்ளுங்கள். என்ன பார்த்தீர்கள், எத்தனை பார்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எட்டாம் நாள் பக்கத்து வீட்டாருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.